சாளையும் சவலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், தாய்மார் அரங்கில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை செயற்குழுவினர் வழக்கத்தை மாற்றி, கைக்குழந்தைகளின் உணவைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்துள்ளனர். நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சூழ்ந்த எல்லைப்புறச் சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இக்குடியிருப்பை வந்தடைந்த சில குடும்பத்தார். படித்து அறிந்தது சிறிது; பிள்ளை வளர்த்துப் பட்டு அறிந்தது சிறிது. இரண்டையும் சேர்த்தே இங்குக் கூற முற்படுகிறோம்.

தமிழில் ‘சவலை’ என்றொரு சொல் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றதனால் பால் இழந்து மெலிந்துபோன குழந்தையைச் சவலைப் பிள்ளை என்கிறோம். நோய்க்குப் பெயரிடும்போதே அதன் காரணத்தையும் பெயருக்குள் வைத்துவிட்டனர் நம் முன்னோர். இதற்கு இணையான சொல் ஒன்று ஆப்பிரிக்காவிலும் உண்டு. இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து, முகம் வாடி வரும் குழந்தைகளைக் கண்டு 1933இல் எழுதினார். அவ்வூர்த் தாய்மாரின் கா மொழியில் அதற்கு வழங்கிய பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். ‘குவாஷியோர்கர்’ என்பது அப்பெயர். அடுத்த குழந்தை வரும்போது மூத்த குழந்தையைப் பற்றும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பாலை விட்டு மக்காச்சோளக் கஞ்சிக்கு மாறிய பிள்ளைகளே அந்நோய்க்கு இரையாயினர். கடல் கடந்த இரு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே துயருக்கு ஒரே வழியில் பெயரிட்டிருப்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

அவ்வம்மையார் பின்னர் மலாயாவுக்கு வந்தார். நம்மவர் பல்லாயிரவர் தோட்டங்களில் உழைத்த அதே மலாயாதான். சீனி சேர்த்த டப்பாப்பாலை, தாய்ப்பாலுக்கு நிகர் என்று சொல்லி விற்ற காலம் அது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்கு இட்ட தலைப்பு ‘பாலும் படுகொலையும்’. விருந்துக்கு அழைத்தவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். திருவிதாங்கூரில் மரச்சீனிக் கிழங்கைப் பரப்பிய பெருமை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்கு உரியது. ஏழை வீட்டுப் பசியை அக்கிழங்கு ஆற்றியது. 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டு அரிசி வரத்து நின்றபோது, அதுவே பலருக்கு ஒரே உணவாயிற்று. எங்கள் பாட்டிமார் அக்காலத்தைப் பேசத் தொடங்கினால், நெல்லுச்சோறு கண்ட நாள்களை விரல்விட்டு எண்ணுவார்கள். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அருகே எல்லைக்கோடு விழுந்தது. கோடு விழுந்ததை மரச்சீனி அறியவில்லை, மீனும் அறியவில்லை. இருபுறத்து அடுப்பிலும் அதே கிழங்கு வெந்தது. அதே மீன் கொதித்தது.

மரச்சீனியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது வயிற்றை நிரப்பும், உடலைக் கட்டாது. வெந்த கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. கொழுப்பு அரைப் பங்குகூட இல்லை. அன்றியும் அதில் சயனைடு என்னும் நஞ்சாக மாறக்கூடிய பொருள் உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் கிழங்கை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டுவது அதற்காகத்தான். எஞ்சும் சிறிதளவை உடல் தானே முறித்துக்கொள்ளும். ஆனால் அவ்வேலைக்குக் கந்தகம் சேர்ந்த புரதக்கூறு வேண்டும். முறிந்து பிறக்கும் பொருளோ, தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். கிழங்கை மட்டும் உண்ணும் வீட்டில் இத்தனையும் மறைந்திருக்கின்றன.

கந்தகப் புரதமும் அயோடினும் ஒருங்கே உள்ள உணவு எது? கடல்மீன். பூவாறு, விழிஞ்ஞம் கரைகளிலிருந்து மீன்கூடையைத் தலைச்சுமையாகக் கொண்டு உள்ளூர்களுக்கு நடந்த மகளிர், மருந்து விற்கிறோம் என்று அறிந்து விற்கவில்லை. எங்கள் பாட்டிமாரும் மருந்து என்று அறிந்து வாங்கவில்லை. மலிவாகக் கிடைத்தது, ஆகவே வாங்கினார்கள். அக்கூடையில் பெரும்பாலும் இருந்தது சாளை. மலையாளத்தார் மத்தி என்பர். கொழுப்பேறிய காலத்தில் நெய்ச்சாளை என்ற பெயரும் அதற்கு உண்டு. மயக்கிய கிழங்கும் சாளைப் புளிமுளமும் என்று சொன்னால், இங்கே அமர்ந்திருக்கும் எங்கள் ஊரார் சிலருக்கு இப்போதே நாவூறும். தஞ்சையாரும் மதுரையாரும் பொறுத்தருள்க.

அந்த நெய்யைப் பற்றியே இன்று சிறப்பாகப் பேச வந்தோம். பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 கிராம் எடையுள்ளது. ஈராண்டு நிறைவதற்குள் அது வளர்ந்தோர் மூளையில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. உடலின் பிற உறுப்புகள் பலவும் அத்துணை விரைந்து முதிர்வதில்லை. நீரை நீக்கிவிட்டு மூளையை நிறுத்தால் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். நரம்பிழைகளைச் சுற்றி உறைபோல் படியும் பொருளும் பெரும்பகுதி கொழுப்பே. கொழுப்பு என்றதும் தொந்தியையும் மாரடைப்பையும் நினைக்கிறோம், அது நமக்கு. குழந்தைக்குக் கொழுப்பு, வீடு கட்டுபவனுக்குச் செங்கல் போன்றது.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. 1929இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் கணவனும் மனைவியும், கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எலிகளின் வளர்ச்சி நின்றது. வாலில் செதில் படர்ந்தது. உடல் தானே செய்துகொள்ள இயலாத, உணவில் வந்தே தீரவேண்டிய கொழுப்பமிலம் உண்டு என்பது அவ்வாறு தெளிவாயிற்று. லினோலிக் அமிலம் என்பது அதன் பெயர். 1963இல் ஹான்சன் என்பார் நானூற்றுக்கு மேற்பட்ட கைக்குழந்தைகளை ஆராய்ந்தார். கொழுப்பு நீக்கிய பாலால் வளர்ந்தவர்களுக்குத் தோல் வறண்டு வெடித்ததையும், லினோலிக் அமிலம் சேர்த்ததும் அது தீர்ந்ததையும் காட்டினார். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இவ்வமிலம் நிறைய உண்டு. எங்கள் ஊர்த் தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. ஊர்ப்பற்றினால் இதை மறைக்க மாட்டோம்.

மற்றொரு குடும்பம் ஒமேகா மூன்று எனப்படுவது. அதில் மூளைக்கும் விழித்திரைக்கும் மிக வேண்டியது டி.எச்.ஏ. என்று சுருக்கி வழங்கும் அமிலம். முழுப்பெயர் டோகோசாஹெக்ஸாயினாயிக் அமிலம். ஒருமுறை சொன்னோம், மறுமுறை சொல்ல எங்களாலும் ஆகாது. கருவின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் குருதியிலிருந்து இது குழந்தையின் மூளைக்கு மிகுதியாகச் செல்கிறது. பிறந்த பின் தாய்ப்பால் வழியே செல்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை அந்த முதற்பங்கை இழந்தே உலகுக்கு வருகிறது. தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்து கிடைப்பது. தாய் எதை உண்டாலும் அக்கொழுப்பின் அளவு பெரிதும் மாறாது. ஆனால் அதனுள் இருக்கும் டி.எச்.ஏ. தாய் உண்ணும் மீனைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

இவ்வமிலத்தைச் சாளை தானே படைப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது எங்கள் கரையோரக் கடலின் அடிநீர் மேலெழுகிறது. அதனோடு வரும் சத்தினால் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகுகிறது. பாசி செய்கிறது, மீன் உண்கிறது, மழை ஓய்ந்த மாதங்களில் நெய் சொட்டச் சொட்டக் கரைக்கு வருகிறது. தாய் உண்கிறாள், பிள்ளை பெறுகிறது. கடலடி நீருக்கும் தொட்டிலுக்கும் இடையே இத்துணை குறுகிய வழி இருப்பது எங்களுக்குப் பெருவியப்பு.

எனினும் ஊட்டக்குறைவு முழுவதையும் இந்த ஓர் அமிலத்தின் தலையில் ஏற்றுவது தவறு. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் (1918–2019) குன்னூர் ஊட்ட ஆய்வுக்கூடத்திலும், அது 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய பின் அங்கும் பணியாற்றியவர். புரதம் குறைந்ததே எல்லாத் தீங்குக்கும் காரணம் என்று உலகம் முழங்கிய நாளில், நம் நாட்டு ஏழைக் குழந்தைக்கு முதற்குறை வயிறார உணவின்மையே என்று அவர் எடுத்துக்காட்டினார். கோதுமை மாவு, சர்க்கரை, சிறிது எண்ணெய் ஆகியவற்றால் ஆன பண்டத்தை, நாளொன்றுக்கு 310 கலோரியும் 3 கிராம் புரதமும் கிடைக்கும்படி, 14 மாதம் சிற்றூர்க் குழந்தைகளுக்கு வழங்கினார்கள். குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் முன்னேறினர். அதில் இருந்த எண்ணெய் 10 கிராம் மட்டுமே.

அந்த எண்ணெயின் கணக்கை நம் தாய்மார் மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து வெளியுணவில் நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். அதன் வயிறோ ஒரு சிறு கிண்ணம். நீர்த்த கஞ்சியால் அக்கிண்ணத்தை நிரப்பினால் குழந்தை உறங்கும், வளராது. ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 45 கலோரி அங்கேயே கிடைத்துவிடும்.

இக்கணக்கு அறியாமல் நாங்கள் செய்த பிழையை ஒளிக்கப் போவதில்லை. இக்குடியிருப்புக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டுக் குழந்தைக்கு எட்டு மாதம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஏத்தங்காய்ப் பொடியைக் கருப்பட்டி கலந்து நீர்க்கக் காய்ச்சி ஊட்டினோம். பால்மாவு டப்பா ஒன்று சம்பள நாளில் வாங்குவோம். அது மாதக் கடைசி வரை வர வேண்டும். ஆதலால் நாள் செல்லச் செல்லக் கரண்டி குறைந்தது, தண்ணீர் கூடியது. டப்பாவைத் திறந்த நாளிலிருந்து தாய்ப்பாலும் குறைந்துகொண்டே வந்தது. குழந்தை சப்பினால்தானே பால் ஊறும்? மீனோ, இரண்டு வயது ஆகாமல் கொடுத்தால் மந்தம் என்று விலக்கி வைத்திருந்தோம். மூன்று மாதம் எடை ஏறவில்லை. குழந்தை அழவும் இல்லை. அமைதியான பிள்ளை என்று பிறர் புகழ்ந்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். அதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

பாறசாலையிலிருந்து வந்த எங்கள் பெரியம்மை ஒருத்தி, குழந்தையைத் தூக்கிய அளவிலே, ‘இது சவலை அல்லவா?’ என்றாள். புத்தகம் படித்த எங்களுக்குத் தெரியாதது அவள் கைக்குத் தெரிந்தது. மருத்துவரிடம் சென்றோம், அவரும் அதையே வேறு சொல்லால் சொன்னார். பிறகு கஞ்சியைக் கெட்டியாக்கினோம், எண்ணெய் சேர்த்தோம், குழந்தையை அடிக்கடி மார்பில் விட்டதால் பால் ஓரளவு திரும்பியது. பெரியம்மை வேகவைத்த சாளையை முள் முழுதும் நீக்கி, விரலால் நசுக்கிப் பார்த்து, சோற்றோடு பிசைந்து ஊட்டினாள். நான்கு மாதத்தில் எடைக்கோடு மேலேறியது. அப்பிள்ளை பின்னாளில் பள்ளியில் முதல்வனானான் என்று கூற எங்களுக்கும் ஆசைதான். உண்மையில் கணக்கில் ஒருமுறை தோற்றான். நன்றாக ஓடுகிறான், நிறையப் பேசுகிறான், அது போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. டி.எச்.ஏ. சேர்த்த மாவு பிள்ளையை அறிவாளியாக்கும் என்று நம்பி, சம்பளத்தில் பெரும்பங்கைக் கொட்டுவோர் நம் குடியிருப்பிலும் உளர். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பால்மாவில் இவ்வகை அமிலங்களைச் சேர்ப்பதால் அறிவு வளர்ச்சியில் தெளிவான நன்மை காணப்படவில்லை என்பது, பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கிய காக்ரேன் தொகுப்பு 2017இல் கண்ட முடிவு. கருவுற்ற தாய்மாரைப் பற்றிய 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு வேறொன்று சொல்கிறது. ஒமேகா மூன்று கூடுதலாகப் பெற்ற தாய்மாரிடையே குறைமாதப் பேறு நூற்றுக்கு 13.4 என்பதிலிருந்து 11.9 ஆகக் குறைந்தது. ஆக, நன்மை உறுதியாகத் தெரிவது தாயின் தட்டில், டப்பாவில் அன்று. நம் நாட்டில் 1992இல் இயற்றி 2003இல் திருத்திய சட்டம், இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால்மாவு, உணவு, புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. அந்தச் சிங்கப்பூர் உரையின் எதிரொலி அதில் கேட்கிறது.

தாயின் தட்டு என்றோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறா சமைத்துக் கொடுப்பது நம்மிடையே பழைய வழக்கம். அன்பினால் செய்வது, ஆயினும் சுறா பிற மீன்களைத் தின்று வாழும் பெருமீன், கடலில் கலந்த பாதரசம் அதன் தசையில் சேர்ந்துவிடுகிறது. கருவுற்றவரும் பாலூட்டுபவரும் அதை விலக்குவது நலம். சாளையும் நெத்திலியும் சிறு வாழ்நாள் உடைய சிறு மீன்கள். அவற்றில் இக்குறை மிகக் குறைவு. விருந்தினர் வந்தால் பெருமீனும், வீட்டார்க்குச் சாளையும் என்பது எங்கள் ஊர் வழக்கு. விருந்தினரைவிட வீட்டாரே நன்றாக உண்டனர் போலும்! மற்றொரு வழக்கம், பிறந்ததும் சேனை என்று தேனையோ சர்க்கரை நீரையோ நாவில் தொட்டு வைப்பது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. முதலில் சுரக்கும் மஞ்சள்நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் கூடாது. குழந்தையின் முதல் உணவு அதுவே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பின்னர் வெளியுணவோடு ஈராண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

மரக்கறி உண்ணும் குடும்பத்தார் முகம் சுளிப்பது எங்களுக்குத் தெரிகிறது. அவர்களுக்கும் வழி உண்டு. ஆளிவிதை, சோயா எண்ணெய் ஆகியவற்றில் உள்ள ஒமேகா மூன்றிலிருந்து உடல் சிறிதளவு டி.எச்.ஏ. செய்துகொள்ளும். முட்டை கொள்வோர்க்கு அதிலும் சிறிது உண்டு. தலைமுறை தலைமுறையாக மீன் தொடாத குடும்பங்களில் அறிஞர் பிறக்காமல் இல்லை. வறுமையில், வேறெதுவும் இல்லாத இடத்தில், மலிவான மீன் ஆற்றிய தொண்டையே நாங்கள் கூறினோம்.

அம்மலிவும் நிலையானதன்று. 2012இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 3.9 இலட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021இல் கிடைத்தது 3,297 டன் மட்டும் என்று மையக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. அதன்பின் மீண்டும் பெருகியது என்றாலும், இடைப்பட்ட காலத்தில் எங்கள் உறவினர் சந்தையில் சாளையின் விலை கேட்டு வெறுங்கையோடு திரும்பினர். கிழங்கு அப்போதும் வீட்டில் இருந்தது. கிழங்கு மட்டும்.

இறுதியாக, செயற்குழுவினரின் இசைவோடு ஓர் அறிவிப்பு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் 1987இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையத்தார், ஈராண்டுக்கு உட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியை அறிய 17 செயல்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வகுத்துள்ளனர். சிரித்தல், தலை நிமிர்த்தல், தானே நடத்தல், இரண்டு சொல் பேசுதல் போன்றவை அதில் உண்டு. அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு பென்சிலும் ஒரு சாவிக்கொத்தும். அதன் படி ஒன்றைச் சங்கப் படிப்பகத்தில் ஒட்டியுள்ளோம். எடை பார்க்கும் தராசும் வாங்கி வைத்துள்ளோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் குழந்தைகளை அழைத்து வாருங்கள். சாளை வேண்டுவோர், சந்தையில் கடை வைத்திருக்கும் மலையாள அன்பரிடம் மத்தி என்று கேட்க வேண்டும். புதனும் சனியும் பனிக்கட்டியில் வருகிறது. முள் எடுக்கத் தெரியாதவர்க்கு எங்கள் பெரியம்மை கற்றுத் தருவாள்.